நோயாளர் எழுத்தும் சத்திரசிகிச்சையாளரின் கையும்

அண்மைக் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஒருவகை எழுத்துப் பெருகி வருகின்றது. உடற்பருமனைக் குறைப்பதற்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் தம் அனுபவங்களைத் தாமே கூறும் எழுத்து அது. இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலுடன் இணைக்கும் முறையை 1966-இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசனும் சிக்காஷி இட்டோவும் தொடக்கி வைத்தனர். இன்று இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிவிடும் முறையே மிகுதியாகக் கைக்கொள்ளப்படுகின்றது. இவ்வனுபவக் கூற்றுகளில் பெரும்பாலும் தவறாது வரும் ஒரு கட்டம் உண்டு. தமது வைத்தியரைத் தாம் எவ்வாறு தெரிந்தெடுத்தோம் என்பதே அது. அக்கட்டத்தை இலக்கிய நோக்கிலும் சமுதாய நோக்கிலும் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

இவ்வெழுத்துகள் பெரும்பாலும் ஒரே அமைப்புடையன. பல ஆண்டுகள் உண்டி சுருக்கியும் பயனில்லை, மனம் தளர்ந்தது, ஒரு வைத்தியர் இகழ்ச்சியாகப் பேசினார், இன்னொருவரோ பொறுமையுடன் கேட்டார், முகம் பார்த்துப் பேசினார், இவரே எனக்குரியவர் என்று உள்ளம் சொல்லிற்று. இறுதியில், முன்னர் ஒன்றும் பின்னர் ஒன்றுமாக எடுத்த இரு புகைப்படங்கள். தேடல், தெரிவு, மீட்சி என்னும் மூன்று படிகளைக் கொண்ட பழைய பக்திக் கதையின் அமைப்பே இது. குருவின் இடத்தில் இப்போது சத்திரசிகிச்சை நிபுணர் நிற்கின்றார். நல்ல குருவை இனங்கண்டது சீடனின் பக்குவமே என்பது கதையின் உட்கிடை.

ஆயினும் இதைக் கண்டு நகைப்பது விமர்சனமாகாது. பருத்த உடலுடையோர் வைத்தியசாலைகளில் அடையும் அவமதிப்புக் கற்பனையன்று. முழங்கால் வலியென்று போனாலும் மூச்சுத் திணறலென்று போனாலும், முதலில் எடையைக் குறைத்து வா என்பதே அவர்களிற் பலருக்குக் கிடைக்கும் மறுமொழி. அத்தகையோர் அன்பான சொல்லைத் தேடுவது பேதைமையன்று. மேலும், இச்சிகிச்சை ஒரே நாளில் முடிவதுமன்று. வாழ்நாள் முழுவதும் உயிர்ச்சத்து மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனைகளும் வேண்டும். மீண்டும் மீண்டும் செல்லவேண்டிய இடத்தில் மனிதராக மதிக்கப்படுவோமா என்று கேட்பது நியாயமே. நோயாளி சொல்வதைக் கேளாத வைத்தியர், ஆபத்தின் முதல் அறிகுறியையும் கேளாது விடக்கூடும்.

இத்துறையில் மேலான எழுத்துக்கு எடுத்துக்காட்டாக றொக்ஸேன் கேயின் நூலைக் கூறலாம். ஹெயிற்றியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த இவ்வமெரிக்க எழுத்தாளர், பசி எனப் பொருள்படும் ‘ஹங்கர்’ என்ற தன்வரலாற்று நூலை 2017-இல் வெளியிட்டார். தமது இருபதுகளின் பிற்பகுதியில், தந்தையுடன் புளோரிடாவிலுள்ள ஒரு வைத்திய நிலையத்துக்குச் சென்று, இச்சத்திரசிகிச்சை பற்றிய விளக்கக் கூட்டமொன்றில் வேறு சிலருடன் அமர்ந்திருந்ததை அவர் அதில் விவரிக்கின்றார். அங்கே தாம் ஒரு தனி மனுஷியாக அன்றி, செப்பனிட வேண்டிய உடல்களுள் ஒன்றாகவே நோக்கப்பட்டதை அவர் மறைக்கவில்லை. அன்று அவர் சிகிச்சையை ஏற்கவில்லை. 2018 சனவரியிலேயே அதைச் செய்துகொண்டார். அதைப் பற்றியும் அவ்வாண்டிலேயே எழுதினார். அவ்வெழுத்தில் வெற்றி முழக்கமில்லை. ஊராரின் பார்வையும் ஏளனமும் ஒருவரை எத்தகைய முடிவுக்குத் தள்ளுகின்றன என்ற கேள்வி இருக்கின்றது. சாதாரண அனுபவக் கூற்றுக்கும் இலக்கியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது தெரிவைப் புகழ்கின்றது. பின்னது தெரிவு பிறந்த நிலைமைகளைக் காட்டுகின்றது.

எனினும், நாம் படித்த எழுத்துகளில் ஏறக்குறைய எதிலும் இடம்பெறாத ஒன்று உண்டு. அது சத்திரசிகிச்சையாளரின் கை. 2013-இல் மிச்சிகன் மாநில ஆய்வொன்று வெளியாயிற்று. இருபது சத்திரசிகிச்சை நிபுணர்கள் தாம் செய்த இரைப்பைச் சிகிச்சை ஒன்றின் ஒளிப்பதிவைக் கொடுத்தனர். செய்தவர் யாரென அறியாமலே சக நிபுணர்கள் அவற்றைப் பார்த்துக் கைத்திறனுக்குப் புள்ளியிட்டனர். பின்னர் அந்த இருபதின்மரும் சிகிச்சை செய்த பதினாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் கதி ஒப்பிடப்பட்டது. திறனில் மேற்கால்வாசியினரிடம் சென்றோருள் 5.2 வீதத்தினருக்கும், கீழ்க்கால்வாசியினரிடம் சென்றோருள் 14.5 வீதத்தினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. இறப்பு முன்னவரிடத்தில் 0.05 வீதம், பின்னவரிடத்தில் 0.26 வீதம். கைத்திறன் உயிரோடு தொடர்புடையது என்பதும், அது அளக்கத் தக்கது என்பதும் இதனாற் புலனாயின. ஆனால் அந்த இருபதின்மருள் யார் எவர் என்பது நோயாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை.

தெரிவு என்று கொண்டாடப்படுவதன் உள்ளீடு இப்போது விளங்கும். நோயாளியின் கண்ணுக்கு எட்டுவது புன்னகை, பேச்சு, பிறர் புகழ்ச்சி, விளம்பரம் என்பனவே. எட்டாததோ மயக்க நிலையில் அவர் கிடக்கும்போது உள்ளே இயங்கும் கை. விளம்பரத்தின் தன்மையையும் நாம் அறிவோம். இரைப்பையில் பட்டி பூட்டும் சிகிச்சைக்காகத் தென் கலிபோர்னியாவில் வைக்கப்பட்ட பெருவிளம்பரங்கள் ஆபத்துகளைப் போதிய அளவு கூறவில்லை என்று 2011 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமே எச்சரிக்க நேர்ந்தது. சான்றிதழும் முழுத் துணையாகவில்லை. முதியோருக்கான அரச காப்புறுதியாகிய மெடிக்கேர், 2006-இல், தகுதிச் சான்று பெற்ற நிலையங்களில் நடக்கும் சிகிச்சைக்கே பணம் தருவதென விதித்தது. அவ்விதியால் நோயாளரின் நலம் மேம்படாது என்று கண்டு 2013-இல் அதனைக் கைவிட்டது.

இந்நிலையில், நன்றாகத் தேடித் தெரிந்தேன், ஆகவே பிழைத்தேன் என்னும் கதை எத்தகைய வேலையைச் செய்கின்றது? பிழைத்தவருக்கு அது ஆறுதல் தருகின்றது. சிக்கலுற்றவர் மீதோ மௌனமாகப் பழி சுமத்துகின்றது. அவர் சரியாகத் தேடவில்லைப் போலும் என்று எண்ண வைக்கின்றது. இறந்தவர் அனுபவக் கட்டுரை எழுதுவதில்லை. எனவே இவ்வெழுத்துத் தொகுதி முழுவதும் பிழைத்தோரின் சாட்சியமே என்பதை வாசகர் மறக்கலாகாது. அறிவைச் சமுதாயம் பகிர்ந்தளிக்காத குற்றம், தனிமனிதரின் கவனக்குறைவாக உருமாறிவிடுகின்றது. இதுவே இக்கதையமைப்பின் வர்க்கப் பயன்.

மாற்று வழியின் வித்தும் மிச்சிகனிலேயே கிடக்கின்றது. அங்கே ஒன்றோடொன்று போட்டியிடும் வைத்தியசாலைகளைச் சேர்ந்த நிபுணர்கள் தம் சிகிச்சை விளைவுகளை ஒரே ஏட்டிற் பதிந்து, கூடியிருந்து ஆராய்ந்து, ஒருவரிடம் மற்றவர் கற்கின்றனர். கைத்திறனைக் கண்டறிந்த ஆய்வும் அக்கூட்டு முயற்சியின் பயனே. நோயாளி நல்ல கையைத் தேடி அலைவதினும், எல்லாக் கைகளையும் நல்லனவாக்க முயல்வது மேலான நெறி.

நம் நாட்டு வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பகலில் அரச வைத்தியசாலையில் கட்டணமின்றிப் பார்க்கும் நிபுணரையே மாலையில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் ‘சனல்’ செய்து காண்பது இங்கு வழக்கம். இன்னாரிடம் காட்டு, கைராசிக்காரர் என்ற சொல்லே பலருக்கு வழிகாட்டி. அச்சொல் அறிவின் இடத்தில் நிற்கும் நம்பிக்கை. அறிவு பொதுவுடைமையாகாத இடமெங்கும் அது தழைக்கும்.

ஆகவே நோயாளர் எழுத வேண்டும்; இன்னும் மிகுதியாக எழுத வேண்டும். வைத்தியரின் புன்னகையை எழுதுவதோடு நில்லாது, தாம் எதைக் கேட்டும் விடை பெறவில்லை என்பதையும், எதைக் கேட்கவேண்டும் என்றே அறியாதிருந்ததையும் எழுத வேண்டும். அவ்வெழுத்தே அனுபவத்தைச் சாட்சியமாகவும், சாட்சியத்தைக் கோரிக்கையாகவும் உயர்த்தும்.