பாதி ஒட்டிய வட்டம்

ஏ4 அட்டை ஒன்றை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால் 29.7 செ.மீ. நீளமும் 10.5 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு பட்டைகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து, இடது ஓரத்திலிருந்து 7.4 செ.மீ. தள்ளி ஒரு மடிப்புத் தடம், 14.8 செ.மீ. தள்ளி இன்னொன்று. முதல் தடத்தை ஒரு திசையிலும் அடுத்ததை எதிர்த்திசையிலும் மடித்தால் இசட் எழுத்தின் வடிவம் வந்துவிடும். அதன் முகப்பில் இடப்பாதி மேலெழுந்தும் வலப்பாதி தணிந்தும் தெரியும். இதுவரை பள்ளிப் பிள்ளைகளும் செய்துவிடுவார்கள். விஷயம் இனிமேல்தான். டை எனும் வெட்டச்சால் வெட்டிய ஒரு வட்டத்தை நட்டநடுவில் வைக்கிறார்கள். பசையை வட்டத்தின் இடப்பாதிக்கு மட்டும் தடவுகிறார்கள். வலப்பாதி எதிலும் ஒட்டாமல் கிடக்கிறது. மூடியிருக்கையில் அது வெறும் அலங்காரம். அட்டையை இழுத்து நிறுத்தியதும் அந்த வட்டம் மடிப்பின் விளிம்பைத் தாண்டி, பிடிமானமே இல்லாததுபோல் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று கையால் வாழ்த்து அட்டை செய்யும் பழக்கம் வலுவாக உள்ள நாடுகளில் இந்த வகையறா முழுவதற்கும் ‘ஃபன் ஃபோல்ட்’ என்று பெயர். இசட் மடிப்பு, கதவு மடிப்பு, சாய்பலகை, பெட்டி, அருவி என்று உட்பிரிவுகள் நீண்டுகொண்டே போகும். டைகள், அச்சிட்ட வடிவக் காகிதங்கள், மடிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த கலை இது. கடைகள் முதல் இரண்டையும்தான் கொண்டாடுகின்றன, ஏனென்றால் விற்க முடிவது அவைதான். மடிப்புக்கு விலை கிடையாது. ஆனால் அரசன் மடிப்புதான் என்பது என் கட்சி. தட்டையான அட்டை தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரே பார்வையில் கொடுத்துவிடுகிறது. மடிப்பு அட்டையில், செய்தவர் வகுத்த வரிசையில்தான் நாம் பார்க்க முடியும்: முதலில் இது, பிறகு அது, கடைசியில் எதிர்பாராத ஒன்று. அந்த வரிசைக்குக் காரணம் இருந்தால் அட்டை நல்ல அட்டை. காரணமில்லாமல் மடிந்திருந்தால் எத்தனை பூ ஒட்டினாலும் அது மடித்த தாள்தான். இவற்றைப் புகைப்படத்தில் பார்த்து மதிப்பிடுவதும் வீண். இசை நிகழ்ச்சியின் படத்தைப் பார்த்துக் கச்சேரி எப்படி என்று சொல்ல முடியுமா?

வாழ்த்து அட்டையின் வரலாற்றில் மடிப்புக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் தம் நண்பரான ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரையச் சொன்னார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் குறிப்பிடுவார்கள். ஆயிரம் பிரதி, ஒன்று ஒரு ஷில்லிங். படத்தின் நடுவில் விருந்துண்ணும் குடும்பம். ஒரு பக்கத்தில் ஏழைக்கு உணவு, மறுபக்கத்தில் ஆடை. மூன்று பலகைகள் கொண்ட தேவாலயப் படம்போல மூன்று கட்டங்களாகப் பிரித்து வரைந்திருக்கிறார். ஆனால் அட்டை மடியாது, ஒற்றைத் தாள்! மடிப்பை வரைந்துவிட்டு மடிக்காமல் விட்ட அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். விக்டோரியா காலத்திலேயே இழுத்தால் அசையும் அட்டைகளும் எழுந்து நிற்கும் அட்டைகளும் வந்துவிட்டன. மியூனிக் நகரின் லோதர் மெகன்டார்ஃபர் தம் அசையும் படப் புத்தகங்களில், ஒரே ஒரு காகித நாவை இழுத்தால் கண்ணும் கையும் தலையும் தனித்தனியே அசையும்படி காகித நெம்புகோல்களைத் தாள்களுக்கு நடுவே ஒளித்துவைத்தார். நூறாண்டு கழித்து, 1980களில், டோக்கியோவின் கட்டடக்கலைப் பேராசிரியர் மசாஹிரோ சதானி நேரெதிர் வழியில் போனார். பசை வேண்டாம், ஒட்டு வேண்டாம். ஒரே தாளில் வெட்டும் மடிப்பும் மட்டும். தொண்ணூறு பாகை திறந்ததும் கட்டடம் எழும்பும். இன்றைய ஃபன் ஃபோல்ட் இந்த இருவருக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. மெகன்டார்ஃபரின் குறும்பு அதில் உண்டு. சதானியின் கறார் அதற்கு வாய்ப்பது அபூர்வம்.

கறார் தொடங்குமிடம் மடிப்புத் தடம். இயந்திரத்தில் உருவாகும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் காகிதம் ஓடும் திசையிலேயே படிந்துவிடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு வழவழவென்று படியும். குறுக்கே மடித்தால் மேற்பரப்பு வெடித்து வெள்ளை நார் பல்லிளிக்கும். அட்டையை இரு ஓரங்களிலும் பிடித்து லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தத் திசையில் எளிதில் இசைகிறதென்று கைக்கே தெரியும். கெட்டி அட்டையைத் தடம் போடாமல் மடிப்பது பாவம். எலும்பாலோ டெஃப்லானாலோ செய்த மழுங்கிய கோலால் பள்ளம் கீறினால் அதன் மறுபக்கத்தில் சிறு மேடு எழும். மடிக்கும்போது அந்த மேடு உள்பக்கம் இருக்க வேண்டும். பலர் பள்ளம் உள்ளே போகும்படி மடித்துவிடுகிறார்கள், அதுதான் இயல்பு என்று தோன்றுவதால். சிவகாசி அச்சகங்களில் கிரீசிங் எனும் மடிப்புத் தடம் போடுபவர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. மடிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாலே செய்தவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

டைக்கு வருவோம். அட்டைப்பெட்டித் தொழிலில் டை என்றால் ஒட்டுப்பலகையில் எஃகுப் பட்டையை வளைத்துப் பதித்தது. கைவினைக்காரர்களின் மேசையில் இருப்பது அதன் ஒல்லிப் பேத்தி: மெல்லிய எஃகுத் தகட்டை ரசாயனத்தால் அரித்து, ஓரத்தை மட்டும் வெட்டுமுனையாக விட்டுவைத்த டை. அடியில் தட்டு, அதன்மேல் காகிதம், காகிதத்தில் முகம் புதைத்த டை, எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு பிளாஸ்டிக் தட்டு. இந்த அடுக்கை இரண்டு உருளைகளுக்கிடையே கைப்பிடி சுழற்றி அனுப்பினால் தட்டுகள் நெறிபடும் சத்தத்தோடு மறுபக்கம் வெளிவரும். இந்தக் கைப்பிடி இயந்திரங்களின் பூர்வீகம் பள்ளிக்கூடம். கலிஃபோர்னியாவில் 1977இல் தொடங்கிய எலிசன் நிறுவனம், ஆசிரியர்கள் அறிவிப்புப் பலகைக்கு எழுத்துகள் வெட்டிக்கொள்ள இயந்திரம் செய்து விற்றது. வீட்டு மேசைக்கு அடக்கமான சிசிக்ஸ் இயந்திரம் பின்னால் அதன் வழியில் வந்ததே.

டை வெட்டிய ஓரத்துக்கு ஒரு குணம் உண்டு. கத்தரி ஓரம் செங்குத்தாக நிற்கும். டை காகிதத்தை அழுத்திக்கொண்டே வெட்டுவதால் அதன் ஓரம் இம்மியளவு உள்நோக்கி உருண்டு தணியும். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் அந்த வளைவில் ஒளி நிற்கும். டையால் வெட்டிய வெள்ளை இலைகள் வண்ணமே இல்லாமல் அழகாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வட்டங்களும் நீள்சதுரங்களும் தொகுப்பாகக் கிடைக்கின்றன. அவற்றைக்கொண்டு ஒரு வட்டத்தைச் சுற்றி நூலளவு சீரான விளிம்பு விடலாம். கத்தரியால் அது முடியவே முடியாது. என் குறையெல்லாம் இதன் மலிவுதான். டை இருக்கிறது என்பதற்காகவே பூ, பூவின்மேல் வண்ணத்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சியின்மேல் மணி. மடிப்பு திறந்து முடிப்பதற்குள் பார்வை மூச்சுவாங்கிவிடுகிறது.

டையால் சரிகைபோல வெட்டிய வலைவேலையின் அடியில் என்ன வைப்பது என்பதை அமெரிக்காவில் ஒரு பெண் கிட்டத்தட்ட 175 ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துவைத்தார். மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் எழுதுபொருள் வியாபாரியின் மகள் எஸ்தர் ஹௌலண்ட். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டையைப் பார்த்துவிட்டு, காகிதச் சரிகையும் வண்ணத்தாளும் வரவழைத்துத் தாமே செய்யத் தொடங்கினார். ஆர்டர்கள் குவிந்ததும் தோழியரை வீட்டில் வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொடுத்துத் தொழிலாக நடத்தினார். வெள்ளைச் சரிகைக்கு அடியில் பளிச்சென்ற ஒரு வண்ணத்துண்டை ஒளித்துவைத்தது அவருடைய கைவரிசையாகச் சொல்லப்படுகிறது. துளைகளின் வழியே வண்ணம் எட்டிப்பார்க்கும். சரிகை இரட்டிப்பாக விளங்கும். இன்று டை வெட்டிய சட்டத்துக்குள் வடிவக் காகிதத்தைப் பொருத்தும் ஒவ்வொருவரும் அந்த யுக்தியைத்தான் செய்கிறார்கள்.

வடிவக் காகிதம் தனி போதை. பெரும்பாலும் 12 அங்குலச் சதுரத் தாள்கள், இரண்டு பக்கமும் அச்சிட்டவை: முன்னால் பெரிய பூக்கள், பின்னால் அதே வண்ணக் குடும்பத்தில் கோடோ புள்ளியோ. இந்தப் பின்பக்கத்தைக் கணக்கில் எடுக்கத் தெரிந்தவர்தான் தேர்ந்தவர். திறக்கும்போது பெரியதிலிருந்து சிறியதற்கு, ஆரவாரத்திலிருந்து அமைதிக்கு அட்டை இறங்கிவரும். அளவும் முக்கியம். 7 செ.மீ. அகலமுள்ள கதவில் உள்ளங்கையளவு ரோஜாவை ஒட்டினால் ரோஜா தெரியாது, சிவப்புத் திட்டுதான் தெரியும். மேல் கீழ் உள்ள வடிவம் இன்னும் ஆபத்தானது. பறவைகள் அச்சிட்ட தாளைப் பின்புறம் கவிழும் பலகையில் ஒட்டிவிட்டு, திறந்ததும் பறவைகள் தலைகீழாகத் தொங்கும் அட்டைகளை நிறையப் பார்க்கலாம். கதவு மடிப்பில் இரண்டு கதவுகளுக்குமான துண்டுகளை ஒரே தாளில் அடுத்தடுத்து வெட்டி, நடுக்கோட்டில் கொடி அறுபடாமல் தொடரும்படி ஒட்டியிருந்தால் எழுந்து நின்று கும்பிடலாம். காகித வியாபாரத்துக்கு வடிவக் காகித மோகம் புதிதல்ல. 1917 கிறிஸ்துமஸில் கன்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில் பரிசு சுற்றும் டிஷ்யூ தாள் தீர்ந்துபோயிற்று. உறைகளின் உள்ளே ஒட்ட வைத்திருந்த அலங்காரமான பிரெஞ்சுத் தாளைத் தாள் பத்து சென்ட் என்று மேலே எடுத்துவைத்தார்கள். அது உடனே விற்றுத் தீர்ந்தது. பின்னாளில் ஹால்மார்க் ஆன கடை அது.

இனி மடிப்புகளில் என் பட்சபாதங்கள். சாய்பலகை அட்டையை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. முன்பலகையை நடுவில் இன்னொரு முறை மடித்து, அதன் கீழ்ப்பாதியில் மட்டும் முழு அளவுப் படத்தை ஒட்டுவார்கள். உள்ளே தரைப்பகுதியில் ஃபோம் டேப் வைத்துச் சற்று உயர்த்திய வாழ்த்துச் சொல். திறந்து நிறுத்தினால் படத்தின் அடிவிளிம்பு அந்தச் சொல்லில் முட்டி நின்றுகொள்ளும். அலங்காரமாகத் தெரிவது உண்மையில் தடுப்புக்கட்டை. சொல்லை எடுத்துவிட்டால் அட்டை வழுக்கிப் படுத்துவிடும். இவ்வளவு சிக்கனமான சிந்தனைக்கு முன்னால் மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

பெட்டி அட்டை அடுத்தது. நான்கு சம சுவர்கள், ஒட்டுவதற்கு ஒரு நா. காலித் தீப்பெட்டியின் வெளிக்கூட்டை மூலையில் அழுத்தித் தட்டையாக்கியவர்களுக்கு இதன் ரகசியம் தெரியும்: எதிரெதிர்ச் சுவர்கள் சம அளவு, ஆகவே எப்படிச் சாய்த்தாலும் இணையாகவே இருக்கும், முழுக்கச் சாய்த்தால் படிந்துவிடும். உள்ளே பூக்களையும் மெழுகுவத்திகளையும் தாங்கும் குறுக்குப் பட்டைகள் முன்சுவருக்கு இணையாக, அதே நீளத்தில் இருந்தால் அவையும் கூடவே சாய்ந்து படியும். மில்லிமீட்டர் கூடினால் பெட்டி உறைக்குள் போக மறுக்கும்.

முடிவில்லா அட்டை என்று ஒன்று உண்டு. மடித்து மடித்துத் திறந்தால் நான்கு முகங்கள் சுழன்று மறுபடி முதலுக்கே வரும். புத்திசாலித்தனம்தான். இரண்டாவது சுற்றோடு யாரானாலும் கீழே வைத்துவிடுவார்கள். திறமையைக் காட்டுவதைத் தவிர அந்த மடிப்புக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எல்லா மடிப்புக்கும் மேலதிகாரி தபால்காரர். பிரிட்டனில் சாதாரணக் கடித விலையில் போக உறையின் தடிமன் 5 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் கால் அங்குலம்தான் வரம்பு, சதுர உறை என்றால் கூடுதல் கட்டணம். இரண்டடுக்கு ஃபோம் டேப்பும் மேலே ஒரு கல்லும் வைத்தாலே கணக்கு இடிக்கும். இந்த நெருக்கடி கலைக்கு நல்லதுதான் என்பேன். உயரத்தைப் பசையில் தேடாமல் மடிப்பில் தேட அது கட்டாயப்படுத்துகிறது. உறைக்குள் முழுத் தட்டையாகப் படுத்து, கைக்கு வந்ததும் நாலு விரற்கடை எழும்பும் அட்டையே இந்தக் கலையின் முழுமை.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று பாக்கி. எழுத எங்கே இடம்? எல்லாப் பலகையிலும் வடிவக் காகிதத்தை ஒட்டிவிட்டு, கடைசியில் பின்பக்க மூலையில் நாலு சொல் எழுதுகிறார்கள். தடம் போடும்போதே ஒரு வெள்ளைப் பலகையை ஒதுக்கிவிட வேண்டும். அதிலும் தமிழில் வாழ்த்துபவர்களுக்குத் தனிச் சங்கடம் இருக்கிறது. சொற்களை வெட்டும் டைகளில் ஆங்கிலம் கூட்டெழுத்தாகக் கைகோத்து ஒரே துண்டாக வரும். நம் எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை. ‘வாழ்த்துகள்’ என்று வெட்டினால் மூன்று புள்ளிகளும் தனித்தனியே உதிரும். அவற்றைச் சாமணத்தால் பொறுக்கி, பசை தொட்டு, உரிய இடத்தில் உட்காரவைப்பதற்குள் ஒன்று மேசைக்கடியில் போய்விடும். வேண்டுமானால் எழுத்துகளைச் சுற்றி நிழல்போல ஓர் அடித்துண்டு வெட்டி, எல்லாவற்றையும் அதன்மேல் ஒட்டலாம். நான் சிபாரிசு செய்வது மை ஊறாத ஒரு நல்ல பேனாவை.