தோட்டத்திலிருந்து போன ராணிகள்

கேப்டன் லட்சுமியை அறியாத தமிழ் வாசகர் குறைவு. 1914-ல் சென்னையில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1940-ல் சிங்கப்பூர் சென்றவர், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையை நடத்தியவர். பிறகு கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 2012-ல் மறைந்தார். கொஞ்சம் கூடுதலாக வாசித்தவர்கள் ஜானகி தேவர் பெயரையும் சொல்வார்கள். மலேசியத் தமிழர்கள் ராசம்மா பூபாலனைச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு மேல் பெயர்கள் வருவதில்லை. ஆனால் அந்தப் படையில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். லயத்து வீட்டில் பிறந்து, பால் வெட்டியும் களை பிடுங்கியும் வளர்ந்தவர்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களைப் பற்றி எண்பது ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றை ஒருசேர வைத்துப் படித்தால், எங்கே அவர்கள் தவறவிடப்பட்டார்கள் என்பது தெளிவாகவே தெரிகிறது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்குத் தனிப் படை வேண்டும் என்று அடுத்த வாரமே பொதுக்கூட்டத்தில் பேசினார். ஜூலை 12 அன்று நடந்த பெண்கள் கூட்டத்தில் அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்க இருபது பெண்களை நிறுத்தினார் லட்சுமி. சேலையில்தான் நின்றார்கள். கையில் இந்திய தேசிய ராணுவத்து ஆண்களிடம் இரவல் வாங்கிய .303 துப்பாக்கி. ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள அந்தத் துப்பாக்கியை அதற்குச் சில நாள் முன்புவரை தொட்டே பார்த்திராதவர்கள், கை நடுங்காமல் தூக்கிப் பிடித்தார்கள். அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் பெண்கள் முகாம் திறந்தது. விடியற்காலை அணிவகுப்பு, குறி பார்த்துச் சுடும் பயிற்சி, முதுகில் மூட்டையோடு நெடுநடை, ரோமன் எழுத்தில் இந்துஸ்தானிப் பாடம். பின்னர் ஒரு பகுதியினர் பர்மாவுக்குச் சென்றார்கள். பிரிட்டிஷார் கையிலிருந்த இம்பால் விழுந்ததும் இந்தியாவுக்குள் நுழைவதற்காக ஓர் அணி மேமியோ வரை போய்க் காத்திருந்தது. இம்பால் விழவில்லை. 1944-ன் மழைக்காலத்தில் பசியும் மலேரியாவும் வயிற்றுப்போக்குமாகத் திரும்பி வந்த ஆண்களுக்கு இந்தப் பெண்கள் மருத்துவமனையில் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூன் கைவிடப்பட்டது.

இந்தப் பின்வாங்கலிலிருந்தே எழுத்தின் குறையும் தொடங்குகிறது. ஏப்ரல் 24 இரவு போஸுடன் ரங்கூனை விட்டுக் கிளம்பிய குழுவில் ராணிகள் என்று அழைக்கப்பட்ட இந்தப் பெண்களும் இருந்தார்கள். தலைக்கு மேல் விமானங்கள் சுற்றியதால் பகலில் மரத்தடியில் பதுங்கியிருந்து இரவில் நடந்தார்கள். சிட்டாங் ஆற்றைக் கடந்து, மோல்மேன் அடைந்து, மே மாத நடுவில் பாங்காக் சேர்ந்தார்கள். தற்காலிக அரசில் அமைச்சராக இருந்த எஸ். ஏ. ஐயர் 1951-ல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் இந்தப் பயணத்தை மனம் உருகும்படி எழுதியிருக்கிறார். பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் நகரமாட்டேன் என்று நின்ற தலைவர், அவர்களோடு தானும் நடந்த தலைவர் என்பதே அதன் சாரம். அது உண்மைதான், போஸின் பெருமைதான். ஆனால் அதே சேற்றில், அதே சுமையோடு, அதே தூரம் நடந்த பெண்கள் அந்தப் பெருமைக்குச் சான்றாக மட்டுமே வந்துபோகிறார்கள். பின்னர் வந்த நேதாஜி வரலாறுகள் பலவும் இதையே பின்பற்றின. ராணிப் படை என்றால் போஸின் முற்போக்குப் பார்வைக்கு ஓர் உதாரணம், ஓர் அத்தியாயம். அதற்கு மேல் இல்லை.

பீட்டர் வார்டு ஃபே 1993-ல் வெளியிட்ட ‘மறக்கப்பட்ட ராணுவம்’ இந்த வழக்கத்தை ஓரளவு மாற்றியது. லட்சுமி, அவருடைய கணவரும் இந்திய தேசிய ராணுவ அதிகாரியுமான பிரேம் சாகல் இருவரிடமும் நெடுநேரம் பேசி எழுதப்பட்ட நூல் அது. ஒரு பெண்ணின் நினைவு ராணுவ வரலாற்றின் முதுகெலும்பாக நிற்பதை அதில் பார்க்கலாம். 1997-ல் லட்சுமியின் தன்வரலாறு வந்தது. ஜப்பான் வரலாற்று அறிஞர் ஜாய்ஸ் லெப்ரா 2008-ல் ராணிப் படைக்கென்றே தனி நூல் எழுதினார். 2016-ல் வீரா ஹில்டெப்ராண்ட், உயிரோடிருந்த ராணிகளைத் தேடிச் சென்று பேட்டி கண்டு, இன்னும் விரிவான நூலைக் கொண்டுவந்தார்.

ஹில்டெப்ராண்ட் சொன்ன இரண்டு விஷயங்கள் சர்ச்சையைக் கிளப்பின. படையில் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர் ஏறத்தாழ 450 பேர் என்கிறார். ராணிகள் நேரடியாகப் போரிட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொல்கிறார். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். வீரக் கதைகளை ஆதாரத்தோடு உரசிப் பார்ப்பது வரலாற்றாளரின் கடமை. ஆனால் அதன்பின் எழுந்த விவாதம் முழுக்க “சுட்டார்களா, சுடவில்லையா” என்பதிலேயே சுற்றிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஆண் சிப்பாயிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எந்த ராணுவத்திலும் சமைத்தவர், சுமந்தவர், காயத்துக்குக் கட்டுப் போட்டவர், உத்தரவு வரும் என்று எல்லையில் காத்திருந்தவர் ஆகியோர் துப்பாக்கியின் விசையை இழுத்தவர்களைவிட அதிகம். அவர்கள் எல்லோரையும் நாம் சிப்பாய் என்றுதான் அழைக்கிறோம். ராணிப் படையிலும் சாவு நேர்ந்திருக்கிறது. பர்மாவிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அணி கெரில்லாக்களின் தாக்குதலில் சிக்கியதில் ஜோசபின், ஸ்டெல்லா என்ற இருவர் உயிரிழந்தார்கள். நூல்கள் அவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. பேட்டி கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த, நகரத்து, வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள். ஜானகி தேவர் கோலாலம்பூரில் பதினெட்டு வயதில் போஸின் பேச்சைக் கேட்டு நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர், தந்தையின் எதிர்ப்பைத் தாண்டிப் படையில் சேர்ந்தவர். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரானார், 2000-ல் பத்மஸ்ரீ பெற்றார். ராசம்மா பூபாலன் தன் சகோதரியோடு சேர்ந்தவர், போருக்குப் பிறகு ஆசிரியராகி 1960-ல் பெண் ஆசிரியர் சங்கத்தை உருவாக்கிச் சம ஊதியத்துக்குப் போராடியவர். இவர்களுடைய சாட்சியம் மிக மதிப்புள்ளது. ஆனால் முகாமில் அதிகாரிகளாக இருந்தவர்கள் இவர்களைப் போன்றோரே. வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண் அவர்களுடைய நினைவில் “எங்களோடு இருந்த எஸ்டேட் பெண்கள்” என்று கூட்டமாகவே வருகிறார். படையின் ஆவணங்களில் பெரும்பகுதி பின்வாங்கலின்போது அழிந்துவிட்டது. பிடிபட்ட ஆண்களைப் பிரிட்டிஷ் உளவுத் துறை விசாரித்துக் கோப்புக் கோப்பாக எழுதி வைத்தது. சாதாரண ராணிகளைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்கு அது அவர்களுக்கு நிம்மதி. வரலாற்றில் அதுவே அவர்கள் காணாமல்போகக் காரணமானது.

அருணிமா தத்தா 2021-ல் வெளியிட்ட, பிரிட்டிஷ் மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றிய சமூக வரலாறு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. அவர் ராணிகளைச் சிங்கப்பூர் மேடையிலிருந்து பார்க்கத் தொடங்கவில்லை, தோட்டத்திலிருந்து தொடங்குகிறார். அப்படிப் பார்த்தால் கதையே மாறிவிடுகிறது.

தோட்டத்தில் பொழுது விடியும் முன்பே பெரட்டு. வரிசையில் நின்று பெயர் கொடுத்து, நிரையில் முந்நூறுக்கு மேற்பட்ட மரங்களைச் சீவி, மங்கில் சேர்ந்த பாலைத் திரட்டி, தோளில் கம்பு போட்டு இருபுறமும் வாளி தொங்க ஸ்டோருக்குச் சுமந்து வருவது பெண்ணின் அன்றாடம். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். கூலி ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40. கங்காணியும் கிராணியும் துரையும் அவளிடம் எல்லை மீறினால் முறையிட இடமில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில், துரைமாரும் அவர்களைப் போல நடந்துகொள்ளும் அதிகாரிகளும் எங்கள் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது இன்னொன்று. அரசு பட்டாளத்தை அனுப்பி அந்தப் போராட்டத்தை அடக்கியது. அது நடந்து இரண்டே ஆண்டுகளில் அதே தோட்டங்களுக்கு ராணிப் படைக்கு ஆள் கேட்டு வந்தார்கள்.

தோட்டத்துப் பெண் ஏன் போனாள் என்பதற்கு “தேசபக்தி” என்ற ஒற்றைச் சொல் போதாது. “சோற்றுக்காக” என்ற பதிலும் போதாது. பசி உண்மை. போரில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் முடங்கின, பர்மா அரிசி வரவில்லை, மக்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்தார்கள், துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தினார்கள். முகாமில் சோறும் சீருடையும் உண்டு. ஆனால் அந்தச் சீருடை வெறும் துணியாக மட்டும் இருந்திருக்காது. பிறந்ததிலிருந்து “ஏ பொண்ணு” என்று அதட்டப்பட்டவளை அங்கே ராணி என்று அழைத்தார்கள். டாக்டரம்மா அவளோடு தமிழில் பேசினார். கூலிக்காரியாக மட்டுமே பார்க்கப்பட்டவள் ஒரு நாட்டின் விடுதலையில் பங்கு கேட்டு நின்றாள். அவள் பார்த்தே இராத நாடு அது என்பது அந்தத் துணிவைக் குறைப்பதில்லை.

இனி, அதே தோட்டங்களிலிருந்து ஆள் கொண்டுபோகப்பட்ட ரயில் பாதை. சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. அதாவது வாட்டர்லூ தெருவில் பெண்கள் முகாம் திறந்த அதே மாதம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை, அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் ஆசை காட்டியும் வளைத்துப் பிடித்தும் அங்கே கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் மாண்டவர்கள் ஏராளம். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படிப் பெயர் பொறித்த தனிக் கல்லறை இல்லை. இந்தத் துறையில் ஜப்பானிய வரலாற்றாளர் நக்கஹாரா மிச்சிகோவின் பணியைத் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டும். மலாயாவில் ரயில் பாதைக்கு ஆள் பிடித்ததைப் பற்றியும், ஜப்பானிய ராணுவம் மலாயாவில் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களைப் பற்றியும் ஆராய்ந்தவர் அவர். தன் நாட்டின் குற்றத்தைத் தானே தோண்டிய அந்த நேர்மைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ரயில் பாதை பற்றிய எழுத்தில் பெண் பெரும்பாலும் பின்னால் விடப்பட்டவள். கணவனைக் கொண்டுபோன பிறகு லயத்தில் என்ன நடந்தது? ஆள் இல்லாத வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்கிடையே மண்ணைக் கொத்திக் கிழங்கு நட்டது, காய்ச்சலில் கிடந்த கிழவர்களைப் பார்த்துக்கொண்டது, செத்தவர்களை எடுத்துப் போட்டது எல்லாம் பெண்கள்தான். குடும்பத்தோடு ரயில் பாதைக்கே போய்ச் சேர்ந்த பெண்களும் உண்டு. போர் முடிந்து திரும்பியவர்களை எதிர்கொண்டவர்களும், திரும்பாதவர்களுக்குத் தாலி கழற்றியவர்களும் அவர்களே. இவற்றை வரலாற்றுத் துறை “குடும்பத் துயரம்” என்று தள்ளிவைத்தது. ஒரு சமூகம் ஜப்பானிய ஆட்சியின் மூன்றரை ஆண்டு அழியாமல் நின்றதற்கு இந்த உழைப்பே காரணம் என்று நான் கருதுகிறேன். அதைப் போர்க்கால உழைப்பு என்றே எழுத வேண்டும்.

நம் இலக்கியம் இதில் என்ன செய்தது? ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ தமிழின் மிகச் சிறந்த போர்க்கால நாவல். மெடானும் பினாங்கும் சிங்கப்பூரும் அதில் உயிரோடு வருகின்றன. ஆனால் அது கடையும் கப்பலும் பட்டாளமுமான ஆண்களின் உலகம், பெண்கள் அதன் ஓரங்களில் நிற்கிறார்கள். மலேசியாவில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை ரயில் பாதையை எழுதின. இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ‘இமையத் தியாகம்’ என்ற நாவலையும் ரெங்கசாமி எழுதினார். தமிழக வாசகர்கள் இந்நூல்களை இன்னும் போதிய அளவு வாசிக்கவில்லை. வரலாற்றாளர்கள் எட்டாத இடங்களுக்கு இந்நாவல்கள் போயிருக்கின்றன. தோட்டத்துப் பெண் தானே கதைசொல்லியாக நிற்கும் பெரும் படைப்புக்கு இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

இந்த வரலாற்றை எழுத வேண்டிய முறை பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. ராணிப் படையை ஒரு நூலாகவும் மரண ரயிலை இன்னொரு நூலாகவும் பிரித்து எழுதியது தவறு. இரண்டுக்கும் ஆள் போனது ஒரே தோட்டங்களிலிருந்து. ஒரே லயத்து வரிசையில் அண்ணன் சயாமுக்கும் தங்கை சிங்கப்பூருக்கும் போக, தாய் கிழங்குக் கொல்லையில் நிற்கும் நிலை அன்று சாத்தியமாக இருந்தது. தோட்டத்தை அலகாக வைத்துக்கொண்டு, யார் எங்கே போனார்கள், யார் திரும்பினார்கள், யார் வீட்டைக் காத்தார்கள் என்று எழுதினால் மூவரும் ஒரே வரலாற்றுக்குள் வருவார்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும், மலேசியத் தோட்டப்புறக் குடும்பங்களில் இரண்டாம் மூன்றாம் தலைமுறை நினைவில் வைத்திருக்கும் கதைகளும் இதற்குக் கைகொடுக்கும். பேட்டியைத் தமிழில், தோட்டத்துத் தமிழில் எடுக்க வேண்டும். எத்தனை முறை சுட்டார் என்பதோடு நில்லாமல், அவர் போனபோது அவருடைய நிரையை யார் வெட்டினார்கள், பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், திரும்பி வந்தபோது ஊர் எப்படி ஏற்றது என்று கேட்க வேண்டும்.

திரும்பி வந்த பிறகான காலம் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய பக்கம். 1946, 47-ல் மலாயாத் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் பெருகியதற்கு இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள் முக்கியக் காரணம் என்பதை வரலாற்றாளர்கள் ஏற்கிறார்கள். கெடாவில் எழுந்த தொண்டர் படையும் அந்தக் காலத்ததே, கள்ளுக்கடை எதிர்ப்பு அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கட்டளைக்கு நிற்கவும், கூட்டத்தில் எழுந்து பேசவும், அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லவும் முகாமில் கற்றுக்கொண்ட பெண்கள் அந்த ஆண்டுகளில் மீண்டும் பால்வாளியோடு பெரட்டில் நின்றார்கள். சம்பளப் பட்டியலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூலி போடுவது அப்போதும் நிற்கவில்லை. அந்தப் பட்டியல்களோடும் தொழிற்சங்கக் கோப்புகளோடும் ராணிகளின் பெயர்களை ஒப்பிட்டுத் தேடும் வேலையை மலேசிய, தமிழக ஆய்வு மாணவர்கள் கூட்டாகவே எடுத்துச் செய்யலாம்.