நோய்க்குக் காரணம் சூழலா? ஒரு தேடல் முறையின் பலமும் பலவீனமும்

லூபஸ், முடக்குவாதம், ஸ்க்ளீரோடெர்மா, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று பெயர்கள் பல. எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றுதான்: நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே பகையாக நினைத்துத் தாக்குகிறது. இவற்றைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்பார்கள். இப்படியொரு நோய் இருப்பதாகத் தெரிந்ததும் எவருக்கும் எழும் கேள்வி, "எனக்கு இது எதனால் வந்தது?" என்பது. பரம்பரை மட்டும் அதற்குப் பதிலாகாது. ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால், மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 15 சதவீதம்தான். மிச்சக் காரணத்தில் ஒரு பங்காவது மூச்சிலோ உணவிலோ தொழிலிலோ தொற்றிலோ இருக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகம் நம்பியிருப்பது நோய்ப்பரவலியலை. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, யார் எதற்கு ஆட்பட்டார்கள் என்று பார்க்கும் முறை அது. அது உயிர்களைக் காத்திருக்கிறது; அதன் சக்திக்கு மீறிய வேலையை அதனிடம் கேட்டபோது மனிதர்களைத் தவிக்கவும் விட்டிருக்கிறது. மக்கள் கூட்டத்தைக் காக்க இந்த முறையைத் தயங்காமல் நம்பலாம், தனியொருவரின் நோய்க்குக் காரணம் சொல்ல நம்பக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த முறையின் பலத்துக்கும் பலவீனத்துக்கும் ஒரே சாட்சியாக நிற்பது 1981-இல் ஸ்பெயினில் நடந்தது. அந்த மே மாதம் மாட்ரிட் வட்டாரத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். நிமோனியா என்று நினைத்துக் கொடுத்த ஆன்டிபயாடிக் பலிக்கவில்லை. நீஞ்யோ ஹெசூஸ் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர் ஹுவான் தாபுவெங்கா குடும்பங்களிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு நோய் வரவில்லை. நோயுற்ற பிள்ளைகளின் வீடுகளிலோ, தெரு வியாபாரிகளிடமும் சந்தைகளிலும் வாங்கிய, லேபிள் இல்லாத ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் எண்ணெய் இருந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென அனிலின் கலந்து இறக்குமதியான ரேப்சீட் எண்ணெயைச் சுத்திகரித்துச் சமையல் எண்ணெயாக விற்றிருந்தார்கள். ஜூன் 10 அன்று அரசு எச்சரிக்கை விடுத்தது. சில வாரங்களில் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். நச்சு எது, உடலுக்குள் அது என்ன செய்கிறது என்று எதுவும் தெரியாத நிலையில், கேள்வி கேட்டு ஒப்பிட்டுப் பார்த்ததாலேயே ஒரு கொள்ளைநோய் நின்றது.

அதே கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ச்சல் தணிந்த பிறகும் பலரை நோய் விடவில்லை. தசைவலி வந்தது, நரம்புகள் கெட்டன, தோல் ஸ்க்ளீரோடெர்மாவில் இறுகுவதுபோல் இறுகியது. தன்னுடல் தாக்கு நோய்களின் பட்டியலில் இது நேராக இடம்பெறாவிட்டாலும், நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறியதன் அடையாளங்கள் தெளிவாக இருந்தன. ஆனால் எண்ணெயில் இருந்த எந்தப் பொருள் இதைச் செய்தது என்பது இன்றுவரை முடிவாக நிறுவப்படவில்லை. விலங்குகளிடம் இந்த நோயை முழுமையாக உண்டாக்க முடியவில்லை. சந்தேக எண்ணெயைக் கொடுத்தால் ஆலிவ் எண்ணெய் தருவதாக அரசு அறிவித்தபோது, எந்தக் கேன் எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற பதிவு சரியாக வைக்கப்படவில்லை. கையில் இருந்த தடயம் அதோடு கலைந்தது. ஒரே சட்டி எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட வீட்டிலும் ஒருவர் படுத்தார், இன்னொருவர் நலமாக இருந்தார். ஏன் இவருக்கு வந்தது, அவருக்கு வரவில்லை என்பதை ஒப்பீட்டால் சொல்ல முடியவில்லை.

மாட்ரிடில் வாரங்களில் நடந்தது, கல்தூசி விஷயத்தில் ஒரு நூற்றாண்டு எடுத்தது. 1914-இல் எடின்பரோ மருத்துவர் பைரம் பிராம்வெல், தான் பார்த்த சில ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் கல்தச்சர்கள் என்பதைக் கவனித்து எழுதினார். குளிர்ந்த உளியை நெடுநேரம் பிடித்திருப்பதே காரணம் என்று கருதினார். கவனித்தது சரி, காரணம் தவறு. 1957-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எராஸ்மஸ் என்ற மருத்துவர் அதே நோயைக் கண்டபோது, உளி காட்சியிலிருந்து விலகிச் சிலிக்கா தூசி முன்னே வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நலவாழ்வு அறிவியல் நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு, சிலிக்கா பல தன்னுடல் தாக்கு நோய்களுக்குத் துணைபோகிறது என்று உறுதியாகச் சொன்னது. முதல் விளக்கம் பிழையாக இருந்தாலும், அடுத்தடுத்த ஊர்களில், வேறு மனிதர்களிடம் ஒப்பிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள இந்த முறையால் முடியும். அதன் பெரிய பலம் இது.

மரபணுவோடு கைகோத்தபோது அது இன்னும் கூர்மையானது. புகைப்பவர்களில், முடக்குவாதத்தோடு தொடர்புடைய மரபணு வகையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களை 2006-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். புகைப்பழக்கமும் அந்த மரபணுவும் இல்லாதவர்களைவிட, இவர்களுக்குச் சிட்ருலின் எதிர்ப்பொருளோடு கூடிய முடக்குவாதம் வரும் அபாயம் 21 மடங்கு என்று காட்டினார்கள். புகை நுரையீரலில் சில புரதங்களைச் சிட்ருலின் கொண்டவையாக மாற்றுகிறது, அந்த மரபணு வகை கொண்ட உடல் மாறிய புரதத்தை அந்நியமாகக் கருதுகிறது என்ற விளக்கமும் கிடைத்தது. சூழலா, பரம்பரையா என்ற பழைய வழக்கு இங்கே பொருளிழந்தது.

ஒப்பீடு வந்துசேரும் முன்பே தீர்ப்பு எழுதினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் சிலிக்கோன் மார்பக உள்வைப்பு விவகாரம் காட்டியது. உள்வைப்புக்குப் பின் லூபஸ் வந்தது, ஸ்க்ளீரோடெர்மா வந்தது என்று பெண்கள் சொன்னார்கள். பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் தரப்படவில்லை என்று 1992-இல் அரசு அவற்றின் பயன்பாட்டைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. அது நியாயமான முடிவு. ஆதாரம் காட்டும் கடமை விற்பவருடையது. நீதிமன்றங்களோ அதைத் தாண்டி, இந்தப் பெண்ணின் நோய் இந்த உள்வைப்பால்தான் வந்தது என்று தீர்ப்பளித்தன. உள்வைப்புகளைத் தயாரித்த டவ் கார்னிங் நிறுவனம் 1995-இல் திவால் பாதுகாப்பு கேட்டது. பெரிய ஆய்வுகள் பிறகுதான் சேர்ந்தன. அவற்றை எடைபோட்ட அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் (Institute of Medicine) வல்லுநர் குழு, இந்த நோய்கள் உள்வைப்பு வைத்தவர்களிடம் கூடுதலாக இல்லை என்று 1999-இல் முடிவுக்கு வந்தது. உள்வைப்பு கிழிவதும் இறுகி வலிப்பதும் உண்மையான தீங்குகள் என்றும் அதே குழு சொன்னது. அந்தப் பெண்களின் வலி பொய்யில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட காரணத்துக்குத்தான் ஆதாரம் இருக்கவில்லை.

இந்தத் தடுமாற்றத்துக்கு இரண்டு குறைகள் வேராக இருக்கின்றன. முதலாவது, காலம். அமெரிக்க ராணுவத்தினரிடம் முன்பே எடுத்துச் சேமித்த ரத்தத்தைச் சோதித்து 2003-இல் வந்த ஆய்வில், லூபஸ் நோயாளிகள் 130 பேரில் 115 பேருக்கு, நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே, சொந்த உடலைக் குறிவைக்கும் தன்னெதிர்ப்பொருள்கள் இருந்தன. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக. தூண்டுதல் அதற்கும் முன்னால் நடந்திருக்கும். பத்தாண்டுக்கு முன் என்ன சாப்பிட்டோம், எந்த மருந்து தெளித்தோம் என்பதை நோய்வாய்ப்பட்டவர் துருவித்துருவி நினைவுபடுத்துவார், நலமானவர் மறந்திருப்பார். நினைவை நம்பிய ஒப்பீடு அங்கேயே சாய்ந்துவிடுகிறது.

சேமித்த ரத்தம் இந்தக் குறையைத் தீர்க்கும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ராணுவத்தினரைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பின் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் அபாயம் 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. ஆனால் இதே ஆய்வில் இரண்டாவது குறையும் தெரிகிறது. பெரியவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் இந்த வைரஸ் தொற்றியிருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே அந்த நோய். மக்கள்தொகை அளவில் இவ்வளவு வலுவான ஒரு காரணமும், "ஏன் நான்?" என்பதற்குப் பதில் தருவதில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் வியாபாரம் புகுகிறது. கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து, உடலில் உள்ள நச்சை வெளியேற்று, மாத்திரை வேண்டாம் என்று யூடியூபில் அடித்துச் சொல்பவர்களுக்கு மூலதனம், மருத்துவம் தராத அந்த ஒற்றைப் பதில்தான். லூபஸ் நோயாளி மருந்தை நிறுத்தினால் சிறுநீரகமே செயலிழக்கலாம். குறிப்பாகப் பெண்கள் இன்னொரு சுமையும் சுமக்கிறார்கள். சாப்பாடு சரியில்லை, மனக்கவலை அதிகம், சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று நோய்க்கான பழி அவர்கள் தலையில் விழுகிறது. இப்படிப் பழி சுமத்த அறிவியல் ஆதாரம் இல்லை. நோயாளியிடம் மருத்துவர் நேர்மையாகச் சொல்லக்கூடியது இதுதான்: "உங்களுக்கு எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் செய்த தவறு ஒன்றும் இல்லை. காரணம் தெரியாமலேயே இதைக் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது."

தனிமனிதரிடம் காட்ட வேண்டிய இந்த அடக்கத்தைக் கொள்கை வகுப்பவர்கள் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலிக்காவுக்கு எதிரான சான்று போதுமான அளவு இருக்கிறது. நுரையீரலைத் தின்னும் சிலிக்கோசிஸை முன்னிட்டு, செயற்கைக் கல் பலகைகளை 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா தடை செய்தது. திரிசூலம், பம்மல் போன்ற கல்குவாரிப் பகுதிகளைக் கண்ட தமிழ்நாட்டுக்கும் இது அந்நிய விஷயமில்லை. கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சுவதும், தூசியை உறிஞ்சும் இயந்திரம் வைப்பதும், சரியான முகக்கவசம் கொடுப்பதும் அறியாத நுட்பங்கள் அல்ல. மூட்டுவலியோடு வருபவரிடம் "என்ன வேலை செய்கிறீர்கள்? முன்பு என்ன செய்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டுக் குறித்து வைப்பதற்குப் பணமும் தேவையில்லை. அந்தக் குறிப்புகள் சேர்ந்தால்தான் நாளைய ஒப்பீட்டுக்கு நம் மண்ணின் சான்று கிடைக்கும். தூசி எந்த வழியில் மூட்டைத் தாக்குகிறது என்பது முழுதாகப் புரியும்வரை தொழிலாளியைத் தூசியில் நிறுத்தி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.