கறுப்பு வண்டிக்குக் கூலி அதிகம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பொதுவாகச் செலவுக்கு அஞ்சுகிறவர்கள் அல்ல. ஒரு ஹெட்லைட் வளையத்துக்காக இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர்களே, ஸ்டுடியோவில் வண்டியைப் படமெடுக்க ஒரு தொகை சொன்னதும், "நாலு படத்துக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள். படத்தை எண்ணிக் கூலி பேசும் வழக்கம் கல்யாண ஆல்பத்துக்குப் பொருந்தும். கார் விஷயத்தில் அது செல்லாது.

மெருகேற்றிய கார் ஒரு வளைந்த கண்ணாடி. அதன் மேல் நேராக விளக்கை அடித்தால் வண்டி தெரியாது, விளக்குதான் தெரியும். அதனால் வண்டியைவிட நீளமான ஒளிப்பரப்பு ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிடுகிறார்கள். முப்பதடி நீளமும் பத்தடி அகலமும் கொண்டவை இருக்கின்றன. அதன் விளிம்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் வண்டியின் தோளில் ஒளிக்கோடு ஓடும். அரையடி இறக்கினால் கோடு கதவின் நடுவுக்கு வந்துவிடும். கொஞ்சம் சாய்த்தால் பின்சக்கரத்தின் மேல் உடையும். முன்விளக்கிலிருந்து வால்வரை அந்தக் கோட்டை ஒரே இழுப்பில் கொண்டுபோக அரை நாள் போய்விடும். படத்தைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். நடுவில் திக்கினால் மிச்சத்தைப் பார்க்கத் தேவையில்லை.

2005இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரனின் கார்களைக் காட்சிக்கு வைத்தது. அதையொட்டி வந்த நூலுக்குப் படமெடுத்தவர் ஃபிலடெல்ஃபியாவின் மைக்கேல் ஃபர்மன். அந்தத் தொகுப்பில் 1938ஆம் ஆண்டின் புகாட்டி அட்லாண்டிக் உண்டு. உலகில் நான்கே நான்கு செய்தார்கள். முதுகெலும்பைப் போல உச்சியில் ஒரு தகட்டு விளிம்பு, அதில் வரிசையாக ரிவெட்டுகள். நிறமோ கறுப்பு. கறுப்பு வண்டிக்குத் தனக்கென்று உருவம் கிடையாது. ஒளி விழுந்த இடம்தான் உருவம், மற்றதெல்லாம் இருட்டு. ஒளி கூடினால் அந்த ரிவெட்டுகள் மினுக்கித் தள்ளும், குறைந்தால் முதுகே காணாமல் போகும். வெள்ளை வண்டி இவ்வளவு படுத்தாது. இரண்டுக்கும் ஒரே கூலி சொல்கிறவர் வெள்ளைக்குக் கூடுதலாக வாங்குகிறார், அல்லது கறுப்பை அரைகுறையாக எடுக்கப்போகிறார்.

செலவுக் கணக்கைச் சொல்லிவிடலாம்: மூடிய லாரி வாடகை, ஸ்டுடியோ வாடகை, உதவியாளர்கள் சம்பளம். மூலை தெரியாமல் சுவரும் தரையும் வளைந்து சேரும் வெள்ளைப் பரப்பில் டயர் தடம் பதிந்தால் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும். அதுவும் வாடிக்கையாளர் கணக்கில்தான். உள்ளே வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போவதே நல்லது. எஞ்சினுக்கு அடியில் தட்டு வைக்க மறக்கக் கூடாது. பழைய இங்கிலாந்து கார் எண்ணெய் ஒழுக்கவில்லை என்றால் உள்ளே எண்ணெயே இல்லை என்று அர்த்தம் என்பார்கள்.

குரோம் இருக்கிறதே, அது தனிக் கதை. முன்கண்ணாடியின் பளபளப்பை போலரைசர் ஃபில்டர் போட்டு அடக்கலாம். வெறும் உலோகத்தில் அந்த ஃபில்டர் பலிக்காது. பம்பரில் ஸ்டுடியோ முழுக்க, டிரைபாடும் ஆளும் உட்பட, வளைந்து தெரியும். கறுப்புத் துணியால் ஒவ்வொன்றையும் மறைத்து, பம்பருக்கு, டயருக்கு, உள்ளே இருக்கும் தோல் இருக்கைக்கு என்று தனித்தனியாக எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். உரிமையாளர் வாங்கிப்போகும் ஒரு படத்துக்குள் பத்துப் பதினைந்து படங்கள் ஒளிந்திருக்கலாம்.

இந்த வெளிச்சத்துக்கு இன்னொரு குணம் உண்டு. பட்டி பார்த்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வெயிலில் வழவழவென்று தெரிந்த கதவு, நீளமான ஒளிக்கோட்டின் கீழே நெளியும். டிங்கரிங் வேலைக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர் முகம் அப்போது மாறும். "கம்ப்யூட்டர்ல சரிபண்ணிடுங்க சார்" என்பார். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கென்றால் தாராளமாகச் செய்யலாம். வண்டி விற்பனைக்குப் போகிறதென்றால் எத்தனை காசு கொடுத்தாலும் செய்யக் கூடாது என்பது என் கட்சி.

படம் எங்கே போகிறது என்பதில்தான் விலையின் பெரும்பகுதி இருக்கிறது. அமெரிக்காவில், சம்பளத்துக்கு வேலை செய்யாத புகைப்படக்காரர் எழுதிக் கொடுத்தாலொழிய பதிப்புரிமை அவரிடமே இருக்கும். உரிமையாளர் வாங்குவது பயன்படுத்தும் உரிமம். சுவருக்கு ஒரு விலை, ஏலக் கம்பெனியின் கேட்டலாகுக்கு ஒரு விலை, காலண்டருக்கு வேறு விலை. இந்தியாவில் கதை தலைகீழ். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவின்படி, காசு கொடுத்துப் படமெடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. அமெரிக்கக்காரரின் விலைப்பட்டியலைப் பார்த்து இங்கே கொட்டேஷன் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. உரிமம் பற்றி ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்காமல் சுவர்ப் படத்துக்கான தொகையை மட்டும் வாங்கிக்கொண்டால், பிறகு அதே படம் காலண்டரில் வந்தாலும் கேட்க வழியில்லை.