ஒற்றை வரிச் சுரங்கம்

தொலைவிலுள்ள சர்வரோடு எஸ்எஸ்எச் என்ற மறையாக்க இணைப்பில் பேசும் புட்டி செயலியின் அமைப்பு ஜன்னலில் இடதுபக்கம் ஒரு கிளைப்பட்டியல் இருக்கும். அதில் கனெக்‌ஷன், அதற்குள் எஸ்எஸ்எச், அதற்கும் உள்ளே டனல்ஸ். அவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள். திறந்தால் கண்ணைக் கவர எதுவும் கிடையாது. சாம்பல் நிறப் பின்னணி, சோர்ஸ் போர்ட், டெஸ்டினேஷன் என்று இரண்டு பெட்டிகள், லோக்கல், ரிமோட், டைனமிக் என்று மூன்று வட்டப் பொத்தான்கள், ஒரு ‘ஆட்’. விண்டோஸ் 95 காலத்து முகம். ஆனாலும், நெட்வொர்க் வேலைக்கென்று எழுதப்பட்ட செயலிகளில் உனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

‘ஆட்’டை அழுத்தியதும் பட்டியலில் ஒரு வரி விழும்: எல்3390, பக்கத்தில் 10.0.0.15:3389. எந்தத் திசை, எந்த வாசலில் நுழைவது, எங்கே போய் வெளிவருவது, மூன்றும் அதில் இருக்கின்றன. என் கணினியின் 3390-ஐத் தட்டுகிறவரை, அந்த முனையிலுள்ள எஸ்எஸ்எச் சர்வர் வழியாக, அதன் உள் நெட்வொர்க்கில் ஒளிந்திருக்கும் 10.0.0.15-இன் 3389-இல் கொண்டுபோய் விடு என்று அர்த்தம். 3389 விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட். இந்தப் பக்கம் ஏன் 3390? நம் கணினியிலும் ரிமோட் டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருந்தால் 3389-ஐ அது பிடித்து வைத்திருக்கும். அதனால் ஒன்றைக் கூட்டிப் போடுவது வழக்கம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் 5432-க்கு 5433 போடுவதும் இப்படித்தான். ஒருவருடைய டனல் பட்டியலைப் பார்த்தால் அவர் எத்தனை சர்வரோடு மல்லுக்கட்டியவர் என்று தெரிந்துவிடும்.

இந்த வரியின் உண்மையான சுவை, டெஸ்டினேஷனில் ‘லோக்கல்ஹோஸ்ட்:5432’ என்று எழுதும்போது தெரியும். லோக்கல்ஹோஸ்ட் என்றால் ‘இதே கணினி’. யாருடைய லோக்கல்ஹோஸ்ட்? புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் திணறும் இடம் இது. வெளியூரில் இருக்கும் அத்தைக்குக் கடிதம் எழுதி, ‘உள்ளே இருக்கும் சீட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்’ என்றால், அது அத்தையின் பக்கத்து வீடு. எழுதியவரின் பக்கத்து வீடு அல்ல. அதுபோல டெஸ்டினேஷனில் எழுதுவதை நம் கணினி படிப்பதில்லை. அப்படியே மடித்து அனுப்பிவிடுகிறது. அந்த முனையில் இருக்கும் எஸ்எஸ்எச் சர்வர்தான் பிரித்துப் படிக்கிறது. எனவே அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தச் சர்வரேதான். வெளியுலகத்துக்குக் கதவே வைக்காமல், லோக்கல்ஹோஸ்டின் முகவரியான 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் டேட்டாபேஸ்கூட இதனால் கைக்கு எட்டுகிறது. அதன் பதிவேட்டில் வந்தவரின் முகவரியாக விழுவதும் 127.0.0.1தான். சொந்த வீட்டு ஆள் என்றே அது நினைத்துக்கொள்கிறது. ரசிகனுக்கு இது ஆனந்தம், பாதுகாப்பு அதிகாரிக்கு வயிற்றெரிச்சல். பல நிறுவனங்களில் சர்வர் அமைப்பிலேயே போர்ட் ஃபார்வர்டிங்கை மூடி வைத்திருப்பதைக் குறை சொல்ல முடியாது.

உள்ளே நடக்கும் வேலையும் அழகானது. டனல் என்றதும் நாம் அனுப்பும் டிசிபி பாக்கெட் அப்படியே இன்னொன்றுக்குள் நுழைந்து போவதாகப் பலர் நினைக்கிறார்கள். சில விபிஎன்களில் அது நடக்கிறது. டிசிபிக்குள் டிசிபி ஓடி, வழியில் பாக்கெட் தொலைந்தால் இரண்டு அடுக்கும் போட்டி போட்டு மறுபடி அனுப்பி, லைன் மூச்சுத் திணறும். எஸ்எஸ்எச் அப்படிச் செய்வதில்லை. நம் பக்கத்து டிசிபி இணைப்பைப் புட்டியே வாங்கி முடித்துக்கொள்கிறது. அதிலிருந்து பைட்டுகளை மட்டும் எடுத்து, குறியாக்கம் செய்து அனுப்புகிறது. அந்த முனையில் சர்வர் புத்தம்புதிதாக இன்னொரு டிசிபி இணைப்பைத் திறந்து அந்தப் பைட்டுகளை ஊற்றுகிறது. ஒரே எஸ்எஸ்எச் இணைப்புக்குள் இப்படிப் பல சேனல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண், இவ்வளவுதான் இப்போது வாங்கிக்கொள்வேன் என்ற தனி அளவு. ஒரு சேனலில் பெரிய கோப்பு இறங்கிக்கொண்டிருக்க, பக்கத்துச் சேனலில் நாம் தட்டும் எழுத்து போய்க்கொண்டே இருக்கும். குறை இல்லாமல் இல்லை. எல்லாம் ஒரே டிசிபி மேல் போவதால் வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் எல்லாச் சேனலும் அதற்காகக் காத்து நிற்கும். யுடிபிக்கு இந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களை அள்ளினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த தாட்டு யுலோனென் அதற்குப் பதிலடியாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். எஃப்டிபி 21-இலும் டெல்நெட் 23-இலும் இருக்க, நடுவில் 22 காலியாகக் கிடந்தது. ஜூலையில் அந்த எண்ணைக் கேட்டு அவர் எழுத, மறுநாளே கிடைத்துவிட்டது. போர்ட் ஃபார்வர்டிங் அந்த முதல் வெளியீட்டிலேயே இருந்தது. தன் லாகினை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போகாமல், மறையாக்கம் தெரியாத மற்ற நிரல்களையும் தன் குடைக்குள் அழைத்துக்கொள்ளும் குணம் அதற்குப் பிறவியிலேயே வந்தது.

புட்டியை எழுதியவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சைமன் டேதம். கணினிகளில் ஓடும் சின்னச் சின்னப் புதிர் விளையாட்டுகளின் பெரிய தொகுப்பு ஒன்றும் அவருடையதுதான்; இரண்டையும் தினமும் திறக்கிறவர்களில் பலருக்கு இரண்டும் ஒரே கை என்று தெரியாது. தெரிந்தபின் பார்த்தால் சாயல் புலப்படும். தேவையில்லாத ஒரு பொத்தான்கூட எதிலும் இருக்காது. புட்டியை நிறுவ வேண்டியதில்லை, ஒரே ஒரு கோப்பு, பென் டிரைவில் போட்டு எடுத்துப்போய் யார் கணினியிலும் ஓட்டலாம்.

அந்தக் கையிலும் தழும்பு உண்டு. எஸ்எஸ்எச்சில் நுழைகிறவரை அடையாளம் காட்டும் சாவிகளில் சில வகைகளுக்கு, ஒவ்வொரு கையொப்பத்தின்போதும் யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண் வேண்டும். நம்பத்தக்க ரேண்டம் எண்ணைத் தர வழியில்லாத பழைய விண்டோஸ்களை நினைவில் வைத்து, அந்த எண்ணைச் சாவியிலிருந்தே கணக்கிட்டு எடுக்கும் முறையை டேதம் அமைத்திருந்தார். ஜாக்கிரதையான முடிவு. ஆனால் கணக்கில் கிடைத்தது 512 பிட். 521 பிட் சாவிக்கு வேண்டிய எண்ணில் முதல் 9 பிட் எப்போதும் பூஜ்யமாகவே நின்றது. சுமார் 60 கையொப்பங்கள் சிக்கினால் ரகசியச் சாவியையே மீட்டுவிடலாம் என்று ஜெர்மனியின் போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் காட்டினார்கள். 0.68 முதல் 0.80 வரை எல்லாப் பதிப்புகளிலும் இருந்த ஓட்டை 0.81-இல் அடைபட்டது. பழைய புட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முதலில் அதை மாற்றலாம்.

பயன்பாட்டிலும் ஒரு முள் உண்டு. இரண்டு பெட்டியையும் நிரப்பிவிட்டு ‘ஆட்’டை மறந்து ஓபன் கொடுத்துவிட்டு, டனல் ஏன் வரவில்லை என்று அரைநாள் தேடுவது இந்தத் தொழிலில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. சேமிக்க வேண்டுமானால் மறுபடி மேலே செஷன் பக்கத்துக்கு ஏறிப் போக வேண்டும். அழகு என்று இதைச் சாதிக்க மாட்டேன்.

இப்போது டனல்களுக்கென்றே தனிச் செயலிகள் வந்துவிட்டன. மெனு பாரில் குட்டிச் சின்னம், ஒவ்வொரு டனலுக்கும் ஒரு சுவிட்ச், வைஃபை போய் வந்தால் தானே மறுபடி இணைத்துக்கொள்ளும் வசதி. கடைசியானது ஒன்றுக்காகவே கைதட்டலாம். அந்தப் பச்சை விளக்கு மட்டும் எனக்கு உறுத்துகிறது. அது எரிவதற்கு அர்த்தம், எஸ்எஸ்எச் சர்வரோடு பேச்சு இருக்கிறது என்பதுதான். லோக்கல் டனலில் கடைசிக் கணினியை யாராவது தட்டும்வரை யாரும் போய்ப் பார்ப்பதில்லை, 10.0.0.15 காலையிலிருந்தே அணைந்து கிடந்தாலும் விளக்கு பச்சையாகவே இருக்கும். புட்டியில் விளக்கு கிடையாது. ஜன்னலின் தலைப்புப் பட்டையில் வலது சொடுக்கினால் ஈவென்ட் லாக் வரும். எந்த போர்ட் எங்கே திருப்பப்பட்டது, யார் எப்போது நுழைந்தது, எதிர்முனை ஏன் மறுத்தது, எல்லாம் நேரத்தோடு வரிவரியாக இருக்கும். புதுச் செயலி எழுதுகிறவர்கள் புட்டியிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் அந்த லாக்கை எடுத்துக்கொள்ளட்டும். எழுத்துருவை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.