கல்லுக்கு இல்லை, காமிராவுக்கு உண்டு

அருங்காட்சியகம் செய்வதெல்லாம் கல்விப் பணி. ஆகவே யார் எடுத்த படத்தையும் கேட்காமல் சுவரில் மாட்டலாம் என்றொரு பேச்சு கண்காட்சி அமைப்பவர்களிடையே செல்வாக்காக உலவுகிறது. தில்லிப் பல்கலைக்கழக நகலகம் பற்றி 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஆதாரம் காட்டுகிறார்கள். அத்தீர்ப்பு பாடம் நடத்தும் ஆசிரியரையும் படிக்கும் மாணவரையும் பற்றியது. காட்சிக்கூடச் சுவர் வகுப்பறை ஆகாது. அமெரிக்காவின் நெகிழ்வான ‘நியாயப் பயன்பாடு’ இங்கே சட்டமும் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எதெதற்கு விலக்கு என்று 52-ஆம் பிரிவில் பட்டியலே போட்டிருக்கிறது.

நேரெதிர்ப் பிடிவாதம் ஒன்றும் உண்டு: சோழர் காலத் திருமேனியின் படத்தின் மேல் உரிமைக்குறி போடுவது. ஆயிரம் ஆண்டுச் சிலைக்கு ஏது பதிப்புரிமை? கடலூர் அரசு அருங்காட்சியகமானாலும் எழும்பூரானாலும், படமெடுக்கத் தடை என்று பலகை வைத்தால் அது நிர்வாக விதி, அவ்வளவுதான். இந்தியத் தொல்லியல் துறை 2018-இல் தன் பாதுகாப்பிலுள்ள பெரும்பாலான சின்னங்களில் படமெடுக்க இடம் கொடுத்தது. அதற்குச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சிற்பத்துக்கு இல்லாத உரிமை, அதைப் படம் எடுத்தவருக்கு உண்டு. நம்மவர்கள் மறப்பது அவரைத்தான்.

சிதம்பரம் கோபுர வாயில்களில் நாட்டிய நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களை எடுத்துக்கொள்வோம். 1914-ஐ ஒட்டிய சென்னைக் கல்வெட்டு ஆண்டறிக்கை அவற்றை அச்சில் ஏற்றியது. அதைவிட அருமையான முயற்சி 1936-இல் வந்த ‘தாண்டவ லட்சணம்’. பி. வி. நாராயணசாமி நாயுடு, பி. சீனிவாசுலு நாயுடு, ஓ. வி. ரங்கய்ய பந்துலு மூவரும் நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயத்தை ஆங்கிலமாக்கி, சிதம்பரச் சிற்பப் படங்களைப் பக்கத்தில் வைத்தார்கள். சுலோகமும் கல்லும் ஒன்றையொன்று விளக்கின. பரதநாட்டிய மறுமலர்ச்சி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த மூவரை ஒரு வரியில் கடந்துபோவது அநியாயம். அந்தப் படங்களுக்கு அன்றைய சட்டப்படி இருந்த 50 ஆண்டு உரிமை 1986-உடன் தீர்ந்தது. இன்று யாரும் தாராளமாகக் காட்சிக்கு வைக்கலாம். நூலின் பெயரைப் போட வேண்டும் என்பது சட்டமல்ல, நன்றி.

இதே கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இன்னொரு பாடம். விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை கடத்தப்பட்டு, 2004-இல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைபோனது. அது விருத்தாசலத்துச் சிலைதான் என்று காட்டிக்கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம். 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சிலைக்கே சாட்சி சொன்ன படத்தை ‘கோப்புப் படம்’ என்று போட்டுவிட்டு நகர்வது நமக்குப் பழகிப்போயிற்று.

பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்த அலட்சியம் சட்டச் சிக்கலாகவும் முற்றிவிட்டது. அதற்குச் சற்று முன்புவரை புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு, கணக்கு எளிது. இப்போது எடுத்தவர் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும். எடுத்தவர் யார், எப்போது இறந்தார் என்று தெரியாமல் கணக்கே தொடங்காது. பெயர் தெரியாத படமென்றால் வெளியான ஆண்டிலிருந்து எண்ணலாம். ஒருபோதும் வெளியாகாமல் பெட்டிக்குள் கிடக்கும் கண்ணாடித் தகடுகளுக்கு எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

சட்டத்தின் மற்ற ஓட்டைகளும் விசித்திரமானவை. பொதுமக்கள் வரும் கூடத்தில் நிரந்தரமாக நிற்கும் நவீனச் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிடலாம். பக்கத்துச் சுவரில் தொங்கும் ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. விஞ்ஞான் பவன் சுவர்ச் சிற்பத்தைச் சிதைத்ததற்காக சிற்பி அமர்நாத் சேகல் 2005-இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வென்றார். ஆனால் படைத்தவரின் தனி உரிமைகளைச் சொல்லும் 57-ஆம் பிரிவின் விளக்கத்தின்படி, படைப்பைக் காட்சிக்கு வைக்காததையோ படைத்தவர் மனம் நிறையும்படி வைக்காததையோ உரிமை மீறலாகக் கொள்ள முடியாது. கலைஞரைவிடக் காப்பாளர்மீது நாடாளுமன்றத்துக்குக் கரிசனம் அதிகம்.

அந்தக் கரிசனம் வேண்டிய இடத்தில் காணோம். கைவசமுள்ள படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்க, வணிக நோக்கற்ற பொது நூலகத்துக்கு 2012 திருத்தம் விலக்கு தந்தது. அருங்காட்சியகத்தை அதில் சேர்க்கவில்லை. அடுத்த திருத்தத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை மாவட்ட அருங்காட்சியகங்கள் யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது: சுவரில் மாட்டும் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதட்டும்.