பத்துக் குளிர்காலம்

ஜே. ஏ. பேக்கர் எழுதிய ‘தி பெரிக்ரின்’ 1967ல் லண்டனில் வெளிவந்த புத்தகம். கதை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. எஸ்ஸெக்ஸ் என்ற கடலோர ஜில்லாவில் செம்ஸ்ஃபோர்ட் ஊர்க்காரர் ஒருவர். கிட்டப்பார்வை, மூட்டெல்லாம் வாதம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அதே வயல், அதே ஓடை, அதே கழிமுகம் என்று சைக்கிளில் சுற்றி, குளிருக்கு வந்திறங்கும் பைரியைப் பார்க்கிறார். புறாவைப் பாய்ந்தடிக்கும் வல்லூறு ஜாதி அது. பார்த்ததைத் தேதி போட்டு எழுதுகிறார். அவ்வளவுதான்.

ஆனால் அது டைரி அல்ல. பத்துக் குளிர்காலங்களில் கண்டதை ஒரே குளிர்காலமாக மடித்திருக்கிறார். பறவை தெரிந்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். இத்தனை வேட்டைகளை ஒரு மனிதன் பார்த்திருக்க முடியுமா என்றார்கள். நான் அந்தப் பக்கம் சேர முடியாது. நாலு அத்தைகளை ஒரே அத்தையாக்கி நாவல் எழுதிப் பிழைக்கிறவன்.

என் குறை வேறு. மார்கழி விடியலில் எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு நானும் போகிறவன்தான். பத்து நாள் போனால் ஏழு நாள் பனிதான் மிச்சம். எதிர்க்கரையில் ஒற்றை நாரை, மடையருகே துணி துவைக்கிற சத்தம். எட்டாம் நாள் கிளுவைக் கூட்டம் சரேலென்று தண்ணீரில் இறங்கும்போது மனசு துள்ளுகிறதே, அது அந்த ஏழு வெறும் நாட்களால் வந்தது. பேக்கரிடம் வெறும் நாள் குறைவு. பக்கத்துக்குப் பக்கம் பைரி பாய்கிறது. நூறு பக்கம் தாண்டியதும் பாய்ச்சல் பழகிப்போகிறது. பைரி தவறாமல் குளிக்கும் என்று கவனித்து, அது விரும்பும் ஆழங்குறைந்த ஓடைகளை அவர் தேடிப் போகும் இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. அங்கே காத்திருப்பு இருக்கிறது.

ஏன் இந்த அவசரம்? அந்த வருஷங்களில் வயல்களில் போட்ட பூச்சிமருந்து, தானியம் தின்ற பறவைகள் வழியாகப் பைரியின் உடம்பில் சேர்ந்தது; முட்டை ஓடு மெலிந்து உடைந்தது. இனமே அற்றுப்போகும் என்று எண்ணித்தான் அவர் எழுதினார். சாகக் கிடப்பவரைப் பற்றி எழுதுகிறவன் வெறும் நாட்களையா எண்ணிக்கொண்டிருப்பான்? மருந்துகளைத் தடுத்த பிறகு பைரி மீண்டது. பேக்கர் 1987ல் காலமானார்.

ஆகவே மடித்ததை மன்னித்துவிட்டேன். ஆனால் வீட்டில் மனைவி இருந்தாள். புத்தகத்தில் அவளைக் காணோம். அதுமட்டும் எனக்கு ஒப்பவில்லை.